கருவுக்குள்ளே இரண்டு மீற்றர் நூல்: அந்தப் படம் போட்டோவா, கணக்கா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "கலத்தின் கருவுக்குள் 46 நிறமூர்த்தங்களும் 46 நிறத்தில் நூல்பந்து மாதிரிச் சுருண்டு கிடக்கிற வீடியோ ஒன்று யூடியூப்பில் பார்த்தேன். அது நுணுக்குக்காட்டியால் எடுத்ததா? இல்லையென்றால் உள்ளே அப்படித்தான் இருக்கிறதென்று எப்படித் தெரியும்? என்னுடைய லப்டொப்பில் அப்படி ஒன்று செய்யலாமா?"

தங்கச்சி, அது போட்டோ இல்லை. சுற்றி வளைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சின்னதாக ஒன்று நீங்களும் செய்யலாம். இனி ஆறுதலாகச் சொல்கிறேன். நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பௌதிகவியல் படித்துவிட்டு, சில வருஷம் பல்பகுதியச் (பொலிமர்) சங்கிலிகளைக் கொம்பியூட்டரில் ஆட்டிப் பார்க்கிற வேலை செய்தவன். உயிரியல் பிறகு தொற்றிக்கொண்டது. அதனால் என் பதிலில் நூலும் சிக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

ஒரு மனிதக் கலத்திலுள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டி ஒன்றோடொன்று வைத்தால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். கருவின் விட்டம் 10 மைக்ரோமீற்றர் என்று வைப்போம். இந்த எண்களைக் கேட்டதும் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், ஆனால் மனதில் படம் ஒன்றும் விழாது. எல்லாவற்றையும் இலட்சம் மடங்கு பெருப்பித்துப் பாருங்கள். கரு 1 மீற்றர் விட்டமுள்ள பந்தாகிவிடும். 2 நானோமீற்றர் தடிப்புள்ள டிஎன்ஏ 0.2 மில்லிமீற்றர் ஆகும். இங்கே மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் நின்று தூண்டில் போடுகிறவர்களின் மெல்லிய தங்கூசி நூல் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அந்தத் தங்கூசியின் நீளம் 200 கிலோமீற்றர். இங்கிருந்து கொழும்புக்குப் போகிற பாதையில் பாதிக்கும் மேல். ஒரே துண்டாக இல்லை, 46 துண்டுகள். மிகப் பெரியது எட்டரைக் கிலோமீற்றர், மிகச் சின்னது ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

இப்போது கனவளவைக் கணக்குப் பண்ணுங்கள். பந்தின் கொள்ளளவு 520 லீட்டர். தங்கூசி முழுவதும் சேர்ந்து 6 லீட்டர் சொச்சம். வீட்டுக்கு மேலே வைக்கிற 500 லீட்டர் தண்ணீர்த் தாங்கிக்குள் ஒரு சின்ன வாளி நிறையத் தங்கூசி, அவ்வளவுதான். புரதங்களையும் சேர்த்தால் நெருக்கம் கூடும், ஆனாலும் "இவ்வளவு நீளத்தை எப்படி அடைத்தார்கள்" என்று பாடப்புத்தகம் வியப்பது பாதி வீண் வியப்பு. இடம் தாராளமாக இருக்கிறது. உண்மையான தலையிடி சிக்குத்தான். நூறு மீற்றர் தங்கூசி சிக்குப்பட்டால் என்ன பாடு என்று வாவிக்கரையில் யாரிடமும் கேளுங்கள். இங்கே 200 கிலோமீற்றர். அதிலும் கலம் பிரியும்போது அவ்வளவையும் இரட்டிப்பாக்கி, சிக்கில்லாமல் இரண்டு பக்கமும் இழுத்துக் கொடுக்க வேண்டும்.

பாடப்புத்தகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி மணிகள் மாதிரி இருக்கும், ஒவ்வொரு மணியிலும் 147 எழுத்துச் சோடிகள் (டிஎன்ஏ நூலில் வரிசையாக வரும் சின்ன அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்), ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. இது உறுதியானது. அதற்கு அடுத்த படியாக அந்த மணிமாலை ஒழுங்காகச் சுருண்டு 30 நானோமீற்றர் தடித்த நாராகும் என்று படம் போட்டிருப்பார்கள். சோதனைக்குழாயில் அது உருவாகும். ஆனால் 2017இல் கருவை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் முப்பரிமாணத்தில் பார்த்தபோது கண்டது 5 முதல் 24 நானோமீற்றர் வரை தடிப்பு மாறுகிற ஒழுங்கற்ற சங்கிலி. பரீட்சையில் கேட்டால் புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள், மனதில் இதை வைத்திருங்கள்.

சரி, 46 நூலும் கருவுக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றனவா, தனித்தனியாகவா? 1885இலேயே கார்ல் ராபிள் தனித்தனியாகத்தான் இருக்கும் என்றார். தியடோர் பொவேரி 1909இல் அதற்கு "ஆள்புலம்" என்ற பொருளில் பெயரும் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை நம்பவில்லை. 1980களின் தொடக்கத்தில் தோமஸ் கிறேமர், கிறிஸ்டோஃப் கிறேமர் என்ற சகோதரர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. லேசர் கதிரால் கருவின் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் சுட்டார்கள். எல்லா நூலும் கலந்து கிடந்தால் எல்லா நிறமூர்த்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் காயம் படவேண்டும். தனித்தனியாக இருந்தால் ஒரு சிலவற்றில் மட்டும் பலத்த காயம் படவேண்டும். இரண்டாவதுதான் நடந்தது. நிறச்சாயம் பூசி நேரே பார்க்கும் முறை பின்னால்தான் வந்தது. அப்போது இன்னொன்றும் தெரிந்தது: பரம்பரை அலகுகள் நிறைந்த 19ஆம் நிறமூர்த்தம் நடுப்பக்கம் இருக்க விரும்பும், அவை குறைந்த 18 ஓரத்தை விரும்பும். இரண்டும் நீளத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஏன் கலப்பதில்லை? இடியப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உரலிலிருந்து விழும் இழை விழுந்த இடத்திலேயே தன்மேல் தானே மடிந்து கிடக்கும். பக்கத்துத் தட்டில் உள்ள இழையோடு போய்ப் பின்னாது. ஒரு தட்டுக்குள்ளும், முதலில் விழுந்தது கீழே, பிறகு விழுந்தது மேலே என்று அடுத்தடுத்த பகுதிகள் அடுத்தடுத்தே கிடக்கும். அதே மாவை நூடில்ஸாக்கி, கொதிக்கிற பானையில் போட்டு அரை மணி நேரம் கிளறினால் எந்த இழை எங்கே போகிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். கலம் பிரிந்து முடிந்ததும் ஒவ்வொரு நிறமூர்த்தமும் கட்டைபோல இறுகிய நிலையிலிருந்து மெல்லத் தளர்ந்து விரிகிறது. தளர்ந்து, பிறகு பக்கத்தவரோடு முழுவதுமாகக் கலக்க எவ்வளவு நேரம் வேண்டும்? 2008இல் ரோசா, எவரேர்ஸ் என்ற இரு பௌதிகவியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில் வந்தது. கலத்துக்கோ ஒரு நாள் இரண்டு நாளில் அடுத்த பிரிவு வந்துவிடும். ஆக, ஒவ்வொரு நூலையும் அதனதன் இடத்தில் பிடித்துவைக்க ஒரு காவல்காரன் தேவையே இல்லை. கலக்க நேரம் கிடைப்பதில்லை என்பதே போதும்.

மாதிரி கட்டுவது என்றால் இதுதான். ஒரு விதியை வைக்கிறோம், அது மட்டும் போதுமா என்று பார்க்கிறோம். அந்த நிறநிறப் பந்து அதன் பக்கவிளைவு.

எதை வைத்துச் சரிபார்ப்பது? 2009இல் வந்த "ஹை-சி" என்ற முறைதான் கதையை மாற்றியது. கலங்களைப் போமலினில் போட்டால் அந்த நேரத்தில் அருகருகே இருந்த டிஎன்ஏ துண்டுகள் அப்படியே பிணைந்துவிடும். நொதியத்தால் நறுக்கி, அருகிலிருக்கும் முனைகளை ஒட்டி, ஒட்டிய சோடிகளின் எழுத்துக்களை வாசிப்பார்கள். கிடைப்பது ஒரு பெரிய அட்டவணை: எந்த இடம் எந்த இடத்தோடு எத்தனை முறை சேர்ந்து அகப்பட்டது. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாக் கூட்டத்தில் இலட்சம் செல்ஃபி எடுத்து, பின்னணியையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு படத்திலும் எந்த இரண்டு பேர் நின்றார்கள் என்ற பட்டியலை மட்டும் தந்தால் எப்படி? யார் எந்த மூலையில் நின்றார் என்று அது சொல்லாது. ஆனால் யார் யார் ஒரே குடும்பம், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு ஒட்டும் என்று மெல்ல மெல்லத் தெரிந்துவிடும்.

அந்த முதல் அட்டவணையில் ஓர் அழகான கணக்கு இருந்தது. நூலின் வழியே தூரம் கூடக்கூட இரண்டு இடங்கள் சந்திப்பது குறையும், அது யாருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதில்தான் விஷயம். சாதாரணமாகக் கலைந்து கிடக்கிற சங்கிலியில் தூரம் பத்து மடங்கானால் சந்திப்பு 32இல் ஒன்றாகும். மனித நிறமூர்த்தத்தில், 5 இலட்சம் எழுத்திலிருந்து 70 இலட்சம் எழுத்து வரையான தூரங்களில், பத்தில் ஒன்றாகத்தான் குறைந்தது. இழை தன் பக்கத்திலேயே மடிந்து, முடிச்சு விழாமல் குவிகிற அமைப்பு ஒன்று இந்தக் கணக்கைத் தரும் என்று அந்த ஆய்வுக்குழு சொன்னது. குறொஸ்பெர்க்கும் இன்னும் இருவரும் 1988இலேயே அப்படியொரு குவியலைத் தாளில் கணித்து வைத்திருந்தார்கள். இடியப்பத் தட்டுத்தான், வேறென்ன.

இந்த இடத்தில் என் அவமானம் ஒன்றைச் சொல்லவேண்டும். முதன்முதல் நான் கட்டிய மாதிரியில் தொடக்கத்தில் எல்லாச் சங்கிலியையும் எழுமாற்றாகப் போட்டேன். சோம்பல்தான் காரணம், அப்படி எழுதினால் நிரல் நாலே வரி. இரண்டு கிழமை ஓடி, அருமையான ஒரு பந்து வந்தது. பிரின்ட் எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "எங்கிருந்து தொடங்கினீர்?" என்று மட்டும் கேட்டார். எல்லாம் கலந்த நிலையில் தொடங்கிவிட்டு, எல்லாம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன்! இப்போதும் யாராவது படம் காட்டினால் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

2012இல் அட்டவணையை இன்னும் நெருங்கிப் பார்த்தபோது, பல இலட்சம் எழுத்து நீளமான பகுதிகள் தங்களுக்குள்ளேயே அதிகம் சந்திப்பதும், அடுத்த பகுதியோடு குறைவாகச் சந்திப்பதும் தெரிந்தது. 2014இல் ஏறக்குறைய 10,000 தடங்களை இனங்கண்டார்கள், அதாவது நூலின் இரண்டு தூர இடங்கள் அடியில் பிடிபட்டு நிற்கும் வளையங்கள். அவற்றின் இரண்டு அடியிலும் பெரும்பாலும் சிடிசிஎஃப் என்ற புரதம் உட்காரும் இடம் இருந்தது. அதில் ஒரு விசித்திரம். அந்த இடத்தின் எழுத்துக்களுக்கு அம்புக்குறி மாதிரி ஒரு திசை உண்டு. பெரும்பாலும் இரண்டு அம்பும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால்தான் தடம் வந்தது.

இதை யோசித்துப் பாருங்கள். இடையில் பல இலட்சம் எழுத்து நூல் நெளிந்து வளைந்து கிடக்கிறது. இரண்டு முனையும் வெறுமனே மிதந்து வந்து மோதி ஒட்டுவதானால் எந்தப் பக்கம் பார்த்தாலென்ன? அந்தத் தூரத்தில் நூல் தன் திசையை எப்போதோ மறந்திருக்கும். திசை முக்கியமென்றால், ஏதோ ஒன்று நூலைப் பிடித்தபடி நூல் வழியே வந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு காப்பும் நீளமான நூலும் எடுங்கள். நூலின் நடுவில் சின்னதாக ஒரு மடிப்பு மடித்து, காப்புக்குள் விட்டு மெல்ல இழுங்கள். இரண்டு பக்க நூலும் காப்புக்குள் வழுக்கி வர, மடிப்பு பெரிய தடமாகும். கருவுக்குள் அந்தக் காப்பு கோஹீசின் என்ற வளையப் புரதம். தூண்டில் முள்ளின் கொக்கி ஒரு பக்கம் வழுக்கவிட்டு மறுபக்கம் மாட்டுவது போல, சிடிசிஎஃப் ஒரு திசையில் வருகிற காப்பை நிறுத்தும், மற்றத் திசையில் விட்டுவிடும். 2015, 2016இல் இரண்டு குழுக்கள் இந்த விதியைக் கொம்பியூட்டரில் போட்டு ஓட்டியபோது, அட்டவணையைப் படமாக வரைந்தால் தெரிகிற சதுரங்களும் (தங்களுக்குள் அதிகம் சந்திக்கும் பகுதிகள்) மூலைப் புள்ளிகளும் (தடங்களின் அடிகள்) அப்படியே வந்தன. ஒரு குழு இன்னும் ஒரு படி மேலே போய், சிடிசிஎஃப் இடத்தை வெட்டினால் அல்லது திருப்பிப் போட்டால் அட்டவணை எப்படி மாறும் என்று கணித்தது. உண்மைக் கலத்தில் கிறிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவி கொண்டு வெட்டிப் பார்த்தார்கள். சரியாக வந்தது.

அதுவரை யாரும் அந்தக் காப்பு நூலை இழுப்பதைக் கண்ணால் கண்டதில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் ஒரு குழு 2018இல் கண்டது. கோஹீசினின் உறவுக்காரப் புரதமான கொண்டென்சின், ஒரே ஒரு டிஎன்ஏ இழையில் உட்கார்ந்து, செக்கனுக்கு 1,500 எழுத்து வரை இழுத்துத் தடம் போட்டது. மனித கோஹீசினும் அப்படிச் செய்வதை அடுத்த வருஷம் காட்டினார்கள். மாதிரி முன்னே போக, பரிசோதனை பின்னே வந்த அருமையான சந்தர்ப்பம் இது. எங்கள் துறையில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இந்தத் தடமெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கட்டைவிரல் பக்கத்தில் ஆறாவது விரலோடு பிறக்கும் பிள்ளைகளை நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள், அதிர்ஷ்டம் என்பார்கள். அதில் ஒரு வகைக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து மாறுவதுதான். விரல்களுக்கு ஒழுங்கு சொல்லும் பரம்பரை அலகில் அந்த மாற்றம் இல்லை. அதன் ஆளி ஏறக்குறைய 10 இலட்சம் எழுத்துக்கு அப்பால், வேறொரு பரம்பரை அலகுக்குள் இருக்கிறது. அங்கேதான் எழுத்து மாறியிருக்கும். வாழைச்சேனையில் ஆளியைப் போட மட்டக்களப்பில் பல்ப் எரிகிற கதை. நூல் மடிந்து இரண்டையும் கிட்டக் கொண்டுவராமல் அது நடக்காது.

தடங்களோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2017இல் கோஹீசினைக் கலத்திலிருந்து அகற்றிப் பார்த்தார்கள். தடங்கள் மறைந்தன. ஆனால் இயங்குகிற பகுதிகள் ஒரு பக்கமும் அடங்கிக் கிடக்கிற பகுதிகள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பது மறையவில்லை, இன்னும் துலக்கமாகியது. அது வேறு விதி: தண்ணீரில் தேங்காயெண்ணெய் போல, ஒரே இனம் ஒரே இனத்தோடு சேர்வது. இங்கே எலியின் கண் உதவிக்கு வந்தது. சாதாரணக் கருவில் அடங்கிய பகுதி ஓரத்தில், சவ்வை ஒட்டிக் கிடக்கும். இரவில் திரியும் விலங்கான சுண்டெலியின் கண்ணில் கோல் கலங்களில் அது தலைகீழ். அடங்கிய பகுதி நடுவில் திரண்டு, வெளிச்சத்தைக் குவிக்கும் வில்லை மாதிரி வேலை செய்கிறது. அதைக் கட்டுவதற்குப் புதிய விதி தேவைப்படும் என்றுதான் நானும் நினைத்தேன். 2019இல் வெளிவந்த மாதிரியில், அடங்கிய பகுதிகளின் ஒட்டுதல் மட்டும் போதுமாக இருந்தது. சவ்வோடு கட்டிய கட்டை அவிழ்த்துவிட்டால் அது தானாக நடுவுக்கு வந்து சேர்ந்தது.

இனி அந்த வீடியோவுக்கு வருவோம். ஹை-சி அட்டவணை பெரும்பாலும் இலட்சக்கணக்கான கலங்களின் கூட்டுக் கணக்கு. அதைத் தூரங்களாக மாற்றி, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே ஒரு வடிவத்தைக் கொம்பியூட்டரிடம் கேட்டால் அது மறுக்காமல் தரும். ஆனால் ஒருவர் பாதி நாள் மட்டக்களப்பிலும் பாதி நாள் கல்முனையிலும் இருந்தால், சராசரியாக அவர் செட்டிபாளையத்தில் இருக்கிறார். செட்டிபாளையத்தில் தேடிப்போனால் ஆளைக் காணக்கிடைக்காது. 2018இல் தனித்தனிக் கலங்களில் நூலின் பாதையை நிறச்சாயத்தால் படிப்படியாகப் படமெடுத்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒவ்வொரு கலத்திலும் பகுதிகளின் எல்லை ஒவ்வோர் இடத்தில் இருந்தது. சில இடங்களில் கொஞ்சம் அதிகமாக வந்தது, அவ்வளவே. ஆகவே நல்ல மாதிரி என்றால் ஆயிரம் வேறு வேறு பந்துகளைத் தரும், அவற்றின் கூட்டுத்தொகை அட்டவணையோடு ஒத்துப்போகும். வீடியோ செய்தவர் அந்த ஆயிரத்தில் அழகான ஒன்றை எடுத்து நிறம் தீட்டியிருப்பார். அது பொய்யில்லை. ஆனால் உங்கள் உடம்பில் எந்தக் கலத்திலும் அதே பந்து இருக்காது.

லப்டொப் விஷயம். முழுக் கருவை நினைக்காதீர்கள். கொம்பியூட்டரில் நூலை மணிகள் கோத்த சங்கிலியாகத்தான் வைப்போம் (ஹிஸ்டோன் மணி இல்லை, இது கணக்குக்கான மணி). ஒரு மணி 10,000 எழுத்து என்று எடுத்தாலே முழுக் கருவுக்கும் 6 இலட்சம் மணி வேண்டும். 21ஆம் நிறமூர்த்தம் ஒன்றுக்கு மட்டும் 4,700. நீங்கள் 1,000 மணியோடு தொடங்குங்கள். லாம்ப்ஸ், ஓப்பன்எம்எம் என்ற மென்பொருள்கள் இலவசம். அடுத்தடுத்த மணிகளுக்கு இடையில் ஒரு வில், எந்த இரண்டு மணியும் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் ஒரு தள்ளுவிசை, வெப்பத்தால் வரும் எழுமாற்றான உதைகள், சுற்றிவர ஒரு கோளச் சுவர். கோளத்தின் விட்டம் 22 மணி அகலம் என்று வையுங்கள், பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நிரம்பும்.

முதல் நாள் அது வெடிக்கும். பயப்படவேண்டாம். தொடக்கத்தில் இரண்டு மணிகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்திருக்கும். தள்ளுவிசைக்கு வழக்கமாகப் போடும் சூத்திரத்தில் தூரம் பாதியானால் சக்தி 4,096 மடங்காகும், மணிகள் அறையைத் தாண்டிப் பறந்துவிடும். அப்போது எண் இல்லை என்பதற்குக் கொம்பியூட்டர் மூன்று ஆங்கில எழுத்தை (NaN) அச்சடிக்கும். தமிழில் வாசித்தால் "நான்". இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் எழும்பிப் பார்த்தால் திரை நிறைய நான், நான், நான். எனக்கு அது நல்ல பாடம். விசையை மெல்ல மெல்லக் கூட்டிக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். கரண்ட் போகிற ஊரில் இருக்கிறோம், மணிக்கொருதரம் நிலையைச் சேமிக்கவும் மறக்காதீர்கள்.

ஓடத் தொடங்கியதும் படத்தை ரசித்துக்கொண்டிருக்காமல் இதைச் செய்யுங்கள். ஒரு ஓட்டத்தைச் சங்கிலி இறுக்கமாகச் சுருட்டிய உருளையாக இருக்கத் தொடங்குங்கள். இன்னொன்றை எழுமாற்றாகப் போட்டுத் தொடங்குங்கள், நான் செய்த பிழை மாதிரியே. இரண்டிலும் மணிகள் சந்திக்கும் எண்ணிக்கையைச் சங்கிலித் தூரத்துக்கு எதிரே, இரண்டு அச்சும் மடக்கையாக வைத்து வரையுங்கள். முதலில் இரண்டு கோடும் வேறு வேறு சாய்வில் போகும். நீண்ட நேரம் விட்டால் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று வந்து சேரும், ஏனென்றால் 1,000 மணிச் சங்கிலிக்குத் தன் தொடக்கத்தை மறக்க ஓரிரவு காணும். எத்தனை மணி நேரத்தில் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு, சங்கிலியை 2,000 மணியாக்கி, நிரம்பல் மாறாமல் கோளத்தையும் பெருப்பித்து, மறுபடி ஓடவிடுங்கள். அந்த இரண்டு நேரத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.